பதினோரு இஞ்ச் தாய்மாமன்

தம்பி புதுக் கார் வாங்கினால் மற்ற அண்ணன்மார்கள் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். சீனுவாசன் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போனான்.

திண்டிவனத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவன் என்பதால் அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். விழுப்புரத்தில் தம்பி கோகுலகிருஷ்ணன் வீட்டுக்குப் போனவன், தம்பியோடு காரில் ஒரு சுற்று போய்வந்து காபி குடித்த கையோடு, "போன் உன் வண்டியில வுழுந்துட்ட மாதிரி இருக்குதுடா, சாவி குடு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தான். பின்கதவைத் திறந்து உள்ளே நுழைந்தான். முன்சீட்டுகளின் முதுகில் ஆளுக்கொன்றாக இரண்டு குட்டித் திரைகள் பளபளத்தன. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குறுக்கே டேப்பை வைத்தான்.

பத்து இஞ்ச்.

'கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான் ஆவுது. புள்ள இல்லாத வண்டிக்குப் பின்சீட்டுல எதுக்குடா டிவி?' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டான். பதிலும் அவனுக்குத் தெரியும். எல்லாம் மகிழினிக்காக.

மகிழினி அவர்களுடைய தங்கை பிரபாவதியின் மகள். மூன்று வயசு. கிளியனூரில் இருக்கிறாள். போன மாதம் கோகுல் இந்தக் காரில் அங்கே போய் இறங்கியபோது சீனுவாசனும் இருந்தான். குழந்தை காருக்குள் ஏறியது ஏறியதுதான். திரையில் பாட்டுப் பாடிய தவளையை விட்டு அசையவில்லை. "பெரிய மாமாகிட்ட வாடி தங்கம்" என்று சீனுவாசன் கையை நீட்டியதற்கு, தலையைக்கூடத் திருப்பாமல், ஈ ஓட்டுவதுபோல அந்தக் கையைத் தட்டிவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த கோகுல் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு மாதமாகச் சீனுவாசனின் நெஞ்சில் புகைந்துகொண்டே இருந்தது.

விஷயம் வெறும் தவளை இல்லை. குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள். மாப்பிள்ளை தேவநாதனின் குலதெய்வம் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இரண்டு பேர், மடி ஒன்று. மூத்தவன் நான் என்றான் சீனுவாசன். குழந்தைக்கு என்னைத்தான் பிடிக்கும் என்றான் கோகுல். இரண்டு பேரும் மாறி மாறிப் போன் போட்டு நச்சரித்ததில் பிரபாவதிக்குத் தலைவலியே வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் கம்முனு இருங்க. யார் மடியில மகிழு அழாம உக்காருதோ, அவங்க மடியிலதான் குத்துறது. அவ்ளோதான்!" என்று தீர்ப்பு சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சீனுவாசன் மறுநாளே மனைவி கவிதாவை அழைத்துக்கொண்டு மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த மொபைல் கடைக்குப் போனான்.

"வண்டியில மாட்டுற மாதிரி ஒரு டிவி வேணும்மா. பத்து இஞ்ச்சுக்கு மேல."

விற்பனைப் பெண் அமலா பொறுமையானவள். "வண்டியில அசையாம மாட்டுறதுன்னா வயரிங் பண்ணணும் சார். டேப்லெட்டே வாங்கிக்கோங்க. எத்தினி வயசுப் புள்ளைக்கு? எவ்ளோ நேரம் போவணும்?"

"அதெல்லாம் எதுக்கு? இருக்குறதுலயே பெருசு எது?"

"சின்னப் புள்ளைன்னா எட்டு இஞ்ச்சே போதும் சார். லேசா இருக்கும், கீழ வுழுந்தாலும் தாங்கும். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல மாட்டுற கம்பி இருக்குது. பின்னாடி எங்க உக்காந்தாலும் தெரியும். அப்புறம், மலைப் பக்கம் போனா நெட்டு கிடைக்காது. படத்தை முன்கூட்டியே ஏத்தி வெச்சுக்கணும். ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடுங்க."

"நடுவுல மாட்டுறதுதாங்க நல்லா இருக்கும்" என்றாள் கவிதா.

"நீ சும்மா இரு. நடுவுல மாட்டுனா அது யாரோட டிவின்னு தெரியும்? என் சீட்டுக்குப் பின்னாடிதான் மாட்டணும். பெரிய மாமா டிவின்னு புள்ள மனசுல பதியணும்." அவன் அமலாவிடம் திரும்பினான். "பதினோரு இஞ்ச் இருக்குதா?"

இருந்தது. வாங்கினான். சீட்டின் தலையணையில் கட்டுகிற பட்டையும் வாங்கினான்.

படம் ஏற்றுகிற வேலையையும் யாரையும் நம்பி விடவில்லை. கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்க, சத்தத்தை அணைத்துவிட்டு, கல்லாவில் உட்கார்ந்தபடியே பொம்மையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினான். தவளை வரும் எதையும் தொடவில்லை. கரடி நன்றாகக் குண்டாக, பார்க்க ஆசையாக இருந்தது. அது வரும் கதை அத்தனையையும் மொத்தமாக ஏற்றிவிட்டான்.

கிளம்புகிற நாள் காலையில் தங்கை குடும்பம் கிளியனூரிலிருந்து திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தது. கோகுல் விழுப்புரம் பைபாஸில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. சீனுவாசன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். மாப்பிள்ளை தேவநாதன் முன்னால் ஏறினான். பின்னால் பிரபாவதி ஜன்னலோரம் சாய்ந்து, வண்டி நகர்வதற்குள் தூங்கிப்போனாள். சீனுவாசனுக்கு நேர் பின்னால் கவிதா.

"மகிழு, இங்க பாரு! பெரிய மாமா உனக்கு இன்னா வாங்கியாந்துக்கிறேன்!"

குழந்தையின் கண் விரிந்தது. நடுவில் உட்கார்ந்து பார்த்தால் திரை பக்கவாட்டில் மின்னியது, சரியாகத் தெரியவில்லை. தாவி ஏறிக் கவிதாவின் மடியில் உட்கார்ந்துகொண்டது.

கரடி வாயைத் திறந்தது. இந்தியில் பேசியது.

"இன்னா மச்சான், படம் இந்தியில ஓடுது?" என்றான் தேவநாதன்.

சீனுவாசனுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "எந்த பாஷையா இருந்தா இன்னா மாப்ள? புள்ளைக்கு பொம்மை ஆடுனா போதும். சைஸைப் பாரு நீ."

பின்னால் குழந்தை கேட்டது. "அத்தை, கரடி இன்னா சொல்லுது?"

கவிதாவுக்கு இந்தியில் ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு நொடி யோசித்தாள். "அதுவா? 'எங்க கொல்லையில மல்லாட்டைக் கடலைய எவன்டா புடுங்கினு போனது'ன்னு கேக்குது."

"யாரு புடுங்குனா?"

"தோ, வாலை மறைச்சிக்கினு நிக்குது பாரு நரி, அதுதான். 'நான் பெருமுக்கல் மலைக்குச் சாமி கும்புடப் போய்க்கினு இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு பொய் சொல்லுது."

குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. சிரிக்கச் சிரிக்க அதன் கால்கள் சீனுவாசனின் சீட்டை உதைத்தன. முதுகில் விழுந்த ஒவ்வொரு உதையும் அவனுக்கு முத்தம் மாதிரி இருந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் கவிதாவின் கொண்டைப் பூ மட்டும்தான் தெரிந்தது. பரவாயில்லை. பதினோரு இஞ்ச் தன் வேலையைச் செய்கிறது!

விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் கரடி ரேஷன் கடைக்குப் போய்ப் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது. நரி மாமியார் வீட்டுக்குப் போய்க் கேப்பைக் கூழை மூக்கு வழியாகக் குடித்திருந்தது.

விழுப்புரம் பைபாஸ் டீக்கடையில் கோகுல் காத்திருந்தான். சலவை வேட்டி, சென்ட் வாசனை, பக்கத்தில் புதுப் பட்டுப்புடவையில் மனைவி பானுப்ரியா. குழந்தையைக் கண்டதும் அவன் கார்க் கதவை அகலமாகத் திறந்து வைத்தான்.

"மகிழு! தவளை உன்ன எங்க எங்கன்னு தேடினு இருக்குது. சின்ன மாமா வண்டியில வர்றியா?"

குழந்தை ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியே போய்விட்டது.

சீனுவாசனின் வாயில் டீ கசந்தது. "பாத்தியா? பாத்தியா அவன் வேலைய?"

"போவட்டும் வுடுங்க. புள்ளதானே" என்றாள் கவிதா.

"உனக்கு இன்னாடி தெரியும்? மடி போச்சு!"

அதற்கப்புறம் அவன் வண்டி ஓட்டியது தம்பியின் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுதான். அந்தக் காரின் பின்கண்ணாடி வழியாக இரண்டு திரைகளின் வெளிச்சமும் தெரிந்தது. அதையே வெறித்துக்கொண்டிருந்ததில் எதிரே வேகத்தடை வந்தது அவனுக்குத் தெரியவில்லை. பிரபாவதி தலையில் இடித்துக்கொண்டு எழுந்து, "அண்ணா, ரோட்டைப் பாத்து ஓட்டு" என்று திட்டிவிட்டுத் திரும்பத் தூங்கினாள்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் கோகுலின் கார் ஓரங்கட்டி நின்றது. உள்ளே குழந்தை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. கோகுல் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"ஒரே பேஜாருண்ணா. 'தவளை இன்னா சொல்லுது, சொல்லு சொல்லு'ன்னு உயிரை எடுக்குறா. தமிழ்லதான்டி கண்ணு பாடுதுன்னா, 'நீ சொல்லு'ங்கிறா. நான் வண்டி ஓட்டுறதா, கதை சொல்றதா? பானு ஹெட்போனை மாட்டி வுட்டா. புடுங்கி வீசிட்டா."

குழந்தை எம்பிக் கவிதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "கரடி வேணும்."

சீனுவாசனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தம்பியின் தோளில் கையை வைத்தான். "ஒரு இஞ்ச்தான்டா வித்தியாசம். ஆனா புள்ளைங்களுக்குத் தெரியும்டா அது."

மீதி வழி முழுக்க முதுகில் உதை விழுந்துகொண்டே இருந்தது. அவன் விசிலடித்தபடி ஓட்டினான்.

கோயிலில் பொங்கல் பொங்கியது, மொட்டை அடித்து முடிந்தது. சந்தனம் பூசிய தலையோடு மகிழினி நின்றாள். காது குத்தும் பத்தர் மணை போட்டு, ஊசியையும் தோட்டையும் எடுத்து வைத்தார். சீனுவாசன் புது வேட்டியைச் சரி செய்துகொண்டு மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தொடையைத் தட்டினான். கோகுல் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றான்.

"வாடி என் ராசாத்தி. பெரிய மாமா மடியில உக்காரு."

குழந்தை அவனைப் பார்த்தது. கோகுலைப் பார்த்தது. பிறகு அழ ஆரம்பித்தது. "அத்தை மடி."

"அத்தை இல்லடி. மாமா, மாமா! டிவி மாமா!" சீனுவாசன் பதறினான். "கவிதா, ஜல்தியா அந்த டேப்லெட்டை எடுத்தா."

எடுத்து வந்து பொங்கல் பானைமேல் சாய்த்து வைத்தார்கள். கரடி குதித்தது, உருண்டது, இந்தியில் கத்தியது. குழந்தை திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே போய்க் கவிதாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. "அத்தை, உக்காரு. நீ சொல்லு."

அப்போதுதான் சீனுவாசனுக்கு எல்லாம் விளங்கியது. தவளை வண்டியில் போன நேரம் போக மீதி வழியெல்லாம் இந்தக் குழந்தை உட்கார்ந்து வந்தது யார் மடியில்? அந்த மடியில் உட்கார வைத்தது யார்? தன் சீட்டுக்குப் பின்னால்தான் மாட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தது யார்?

"தாய்மாமன் மடியிலதாம்மா குத்தணும்" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் முனகினார்.

"நான் சொன்னா சொன்னதுதான்" என்றாள் பிரபாவதி. "அழாம யார் மடியில உக்காருதோ அவங்க. மாமன் பொண்டாட்டி வேற, மாமன் வேறயா? அண்ணா, எழுந்திரு."

"நல்ல நேரம் போவுதுங்க" என்றார் பத்தர்.

கவிதா அசையவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொன்னாத்தாங்க உக்காருவேன்."

சீனுவாசனுக்கு வயிறு எரிந்தது. தம்பிமேல் வந்த எரிச்சலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு பைசா செலவில்லாமல், ஒரு இஞ்ச்கூட அளக்காமல், வாயாலேயே ஜெயித்துவிட்டாளே! மணையிலிருந்து எழுந்தான். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டுவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"உக்காரு" என்றான்.

கரடிக்கும் காது குத்துகிறார்கள் என்று கவிதா குழந்தையின் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே பத்தர் வேலையை முடித்துவிட்டார். வலித்ததும் மகிழினி ஒரே ஒரு தரம் வீறிட்டு, கவிதாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சீர்த் தட்டின் ஒரு ஓரத்தைச் சீனுவாசனும் இன்னொரு ஓரத்தைக் கோகுலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரன் இரண்டு பேரையும் தள்ளி நிற்கச் சொன்னான்.

சாப்பாடு முடிந்து கிளம்புகிற நேரத்தில் கோகுல் அண்ணனிடம் மெதுவாக வந்தான். "அண்ணா, போம்போது அண்ணி எங்க வண்டியில வரட்டுமே. குழந்தையும் வரும். நீ வேணும்னா பானுவ அழைச்சிக்கினு போ."

"டேய்! வண்டியக் கேளு, டிவியக் கேளு, குடுத்துடுறேன். அண்ணி என் வண்டியிலதான் வருவா!"

கத்திவிட்டானே தவிர, காருக்குப் பக்கத்தில் வந்ததும் முன்கதவைத் திறக்க அவனுக்குக் கை வரவில்லை. மறுபடியும் மூன்று மணி நேரம். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. கண்ணாடியில் வாடின பூ. சாவியை எடுத்துத் தேவநாதன் கையில் திணித்தான்.

"மாப்ள, நீ ஓட்டு."

பின்னால் ஏறிக் கவிதாவை ஒட்டி உட்கார்ந்தான். பிரபாவதி முன்சீட்டுக்குப் போனாள். கார் நகர்ந்ததும் திரையில் கரடி எதற்கோ மூக்கைச் சிந்தியது.

"அத்தை, கரடி ஏன் அழுவுது?"

"அதுவா கண்ணு" என்று சீனுவாசன் முந்திக்கொண்டான். "அது வந்து, கடையில பெயின்ட் வாங்கப் போயி..."

சின்னக் கை ஒன்று வந்து அவன் வாயைப் பொத்தியது. "நீ இல்ல. அத்தை."

கவிதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அந்தக் கையை விலக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு காதை மனைவி பக்கம் சாய்த்தான். கரடி எதற்கு அழுகிறது என்று அவனுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.