நத்தை மருந்து

கணவர் இறந்துபோன இந்த மூன்று வருடங்களில், அளவு கேட்பதையும் துணியைக் கொடுப்பதையும் தவிர, தையற்காரம்மா வாயைத் திறந்து பேசியது குண்டனிடம்தான். குண்டன் அவள் வளர்க்கும் நாய்.

அன்று காலை கூப்பிட்டும் அவன் வரவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். வாயோரம் நீலத் தூளோடு நின்றிருந்தான். செடிகளைத் தின்னும் நத்தைக்கென்று அவள் வாங்கிவைத்த மருந்துப் பொட்டலம் கிழிந்து, பாதி காலியாகிக் கிடந்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் செய்தாள்.

"எப்ப தின்னுச்சு?"

"அரை மணி நேரத்துக்குள்ளதான் இருக்கும். உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்மா. பாலும் குடுக்காதீங்க. பொட்டலத்த எடுத்துக்கிட்டு உடனே வாங்க. என்ன மருந்துன்னு பாக்கணும்."

அதற்குள் குண்டனின் பின்னங்கால்கள் வெடவெடக்க ஆரம்பித்துவிட்டன. இருபது கிலோ நாய். வாசல்வரை தூக்கி வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. எதிர் வீட்டுப் பள்ளி வேன் டிரைவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். நான்கு வருடமாக எதிரெதிரே இருந்தும் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னக்கா ஆச்சு?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் வேன் கதவைத் திறந்தார். "ஏறுங்க, ஏறுங்க."

போய்ச் சேர்ந்தபோது குண்டனின் உடம்பு முழுவதும் உதறியது. பொட்டலத்தை வாங்கிப் படித்த டாக்டர் அவனை உள்ளே தூக்கிப் போனார். மயக்க ஊசி போட்டு வயிற்றைக் கழுவ வேண்டும் என்றார். டிரைவர் அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டார்.

முன்மேசையில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், முகவரி, போன் எண். "உங்களுக்கு லைன் கிடைக்கலன்னா வேற யாரைக் கூப்பிடணும்னு எழுதுங்கம்மா."

பேனா நின்றது. யோசித்தாள். இன்னொரு தரம் யோசித்தாள்.

"யாரும் இல்லன்னா பரவால்லம்மா, அப்படியே விட்டுடுங்க."

அப்படியே விட்டாள்.

மதியம் டாக்டர் வந்தார். "சீக்கிரம் கொண்டு வந்ததால தப்பிச்சான். நடுக்கம் அடங்கிருச்சு. ஆனா ரெண்டு நாள் இங்க இருக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க."

வீட்டில் பாதி தைத்த சட்டை மெஷினில் அப்படியே இருந்தது. உட்கார்ந்தாள், தைக்கக் கை ஓடவில்லை. மெஷினை நிறுத்தினால் வீட்டில் வேறு சத்தமே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தாள்.

சாயங்காலம் போன் செய்தாள்.

"முழிச்சிட்டான்மா. தண்ணி குடிச்சான்," என்றாள் முன்மேசைப் பெண்.

"தப்பா நினைச்சுக்காதம்மா... போனைக் கொஞ்சம் அவன் காதுகிட்ட வைக்கிறியா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நடந்து போகும் காலடி கேட்டது. கூண்டுக் கதவு கிரீச்சிட்டது.

"டேய் குண்டா," என்றாள் தையற்காரம்மா. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் இரும்புக் கூண்டில் வால் தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் போனைத் திரும்ப எடுக்கும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.