பொருந்தாத டிஸ்க்

மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன். வீடியோக்களைச் சேமிக்க அவன் சொன்ன பெட்டி ஒன்று, இவர் வாங்கியது வேறு.

"ரெண்டு டிஸ்க் போடுற பெட்டிதானே மச்சான், எதுவா இருந்தா என்ன?" என்று இணையத்தில் இருந்ததிலேயே மலிவான பழைய மாடலை வரவழைத்துவிட்டார்.

மனைவி வீட்டிலிருந்தபடி கல்யாண வீடியோக்களைத் தொகுப்பவள். அவளுடைய டிஸ்க் கழுத்துவரை நிரம்பிவிட்டது. பெட்டியை நெட்வொர்க்கில் இணைத்துவிட்டால் எந்த அறையிலிருந்தும் படங்களை எடுக்கலாம். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் பிரதி இருக்கும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெட்டியோடு டிஸ்க் வராது என்பது மட்டும் தெரியாது.

திறந்தார். இரண்டு குழி. இரண்டும் காலி.

அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய கம்ப்யூட்டரைப் பிரித்து, படங்கள் இருந்த டிஸ்க்கைக் கழற்றி முதல் குழியில் செருகினார். படம் உள்ளேயே இருக்கிறது, காப்பி எடுக்கும் வேலையும் மிச்சம்.

'டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?' என்றது பெட்டியோடு இணைத்திருந்த அவருடைய லேப்டாப் திரை. கேட்பதற்கெல்லாம் சரி சொல்லிப் பழகிய விரல், அழுத்தியது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள். "என்னங்க, என் கம்ப்யூட்டர் வயித்தத் தொறந்து போட்டிருக்கீங்க? டிஸ்க் எங்க?"

காட்டினார். திரையில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் படித்தாள்.

"அழிக்கும்னு போடலையா?"

"போட்டிருந்தான். எல்லாத்துலயும் எதையாவது போடுவானேன்னு..."

"அந்தப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் இன்னொரு தடவ கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுங்க. போங்க."

வேறெங்கும் பிரதி இல்லை. அவர் மச்சானுக்குப் போன் போட்டார். விவரம் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியில் விளக்கு சிவந்தது.

"செகப்பா எரியுது மச்சான்."

"எரியட்டும். திரையில என்ன எழுதியிருக்கு? இந்தத் தடவையாவது படிங்க மாமா."

படித்தார். "நான்கு டெராபைட்டுக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள டிஸ்க்கை இந்தப் பெட்டி ஏற்காது. டிஸ்க்கில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"உங்க கஞ்சத்தனத்துக்குச் சிலை வைக்கணும் மாமா. அக்காவோட டிஸ்க் எட்டு டெராபைட். நான் சொன்ன பெட்டியா இருந்தா இந்நேரம் மொத்தத்தையும் முழுங்கி ஏப்பம் விட்டிருக்கும்."

டிஸ்க்கை அவர் மீண்டும் மாட்டினார். திருகாணியை அவள் வாங்கி முடுக்கினாள். கம்ப்யூட்டர் விழித்தது. ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் திறந்தாள். மாப்பிள்ளை படியில் தடுக்கினான். பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அப்பாடா," என்று அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பெட்டியத் திருப்பி அனுப்புங்க. தம்பி சொன்னதையே வாங்குங்க. கூட ரெண்டு டிஸ்க், புதுசா."

"சரி."

"திரையில எதாவது கேட்டா?"

"உன்னக் கேக்குறேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதே இடத்தை மறுபடி ஓட்டினாள். மாப்பிள்ளை மறுபடி தடுக்கினான்.

"இத வெட்டிடலாம்னு இருந்தேன்," என்றாள். "இருக்கட்டும்."