வேர் தொங்கும் பாறை

ஓவியருக்குக் கையில் வித்தை இருந்தது. வாயில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இலையை வரைந்தால் புழு தின்ற ஓட்டையோடு வரைவார். "மனசுல இருந்து வரையறவன் சோம்பேறி. இருக்கறதைப் பாத்து வரையணும்" என்று அச்சகத்தில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஆகவே, எறும்புத்தின்னிகளைக் காப்பாற்றச் சொல்லிச் சுவரொட்டி தயாரிக்கும் வேலை வந்ததும், அவர் முதலில் பிடித்தது மனைவியின் தம்பியைத்தான். மச்சான் காட்டுக் காவலர்.

"நிஜமான பொந்து வேணும் மச்சான். நிஜமான தாய், நிஜமான குட்டி."

"உங்க படத்துக்கு என் வேலை போயிடும் அத்தான்" என்று சிரித்தாலும், மச்சான் மறுநாளே செல்போனில் ஒரு படம் அனுப்பினார். பிளந்த பாறை. பிளவில் முளைத்த அத்திமரம் அவிழ்ந்த சடைபோல வேர்களைத் தொங்கவிட்டிருந்தது. அதன் அடியில் பொந்து. வெளியே வரும் தாயின் வாலில் குட்டி சவாரி செய்துகொண்டிருந்தது.

"இந்த போட்டோவை யாருக்கும் காட்டக்கூடாது. அக்கா மேல சத்தியம் பண்ணுங்க."

"அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னை யாரு கட்டி மேய்க்கறது? காட்டமாட்டேன் மச்சான்."

சொன்ன சொல் தவறவில்லை. யாருக்கும் காட்டவில்லை, வரைந்து முடித்ததும் போட்டோவை அழித்தும் விட்டார். செதில் செதிலாக, வேர் வேராக, பாறையின் பாசி உட்பட வரைந்து, மேலே 'இது எங்கள் வீடு' என்று எழுதினார்.

அச்சக முதலாளி தோளைத் தட்டினார். பேருந்து நிறுத்தம், பள்ளிச் சுவர், மலையடிவாரச் சந்தை என்று எங்கும் ஒட்டினார்கள். மக்கள் நின்று பார்ப்பதைப் பார்ப்பதற்காகவே ஓவியர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்தார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு மனிதனைக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்க வைத்துவிடும்.

ஒரு மத்தியானம் மச்சான் வீட்டுக்கு வந்தார். முழங்கால்வரை சேறு. உட்காரவில்லை. மடித்த சுவரொட்டி ஒன்றை மேஜையில் வைத்தார். மடிப்பிலிருந்து மண் உதிர்ந்தது.

"பொந்துப் பக்கத்துல கிடந்துச்சு. தோண்டித் தாயை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நான் போட்டோவை யாருக்கும் காட்டலையே!"

மச்சானின் விரல் தொங்கும் வேர்களின்மேல் போய் நின்றது. "இந்தப் பாறையைத் தெரியாத ஆள் மலையடிவாரத்துல கிடையாது அத்தான். அங்க பொந்து இருக்கறதுதான் யாருக்கும் தெரியாம இருந்துச்சு."

பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பிராணி அது. புலியின் பல்கூட அந்தச் செதிலில் இறங்காது. மனிதனுக்கோ, சுருண்டால் பையில் போட வசதி. கடவுள் கொடுத்த கவசத்தையே கைப்பிடியாக்கிக்கொள்ள மனிதனால்தான் முடியும்.

"குட்டி எங்கடா?" என்றாள் ஓவியரின் மனைவி.

"காணோம்க்கா. எங்கயாவது பதுங்கியிருக்கும். நாங்களும் தேடறோம். இந்தப் படம் சுவத்துல இருக்கறவரைக்கும் எவனாவது வந்துட்டேதான் இருப்பான்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க மேல தப்பில்ல அத்தான்" என்றார்.

திட்டியிருந்தால்கூட ஓவியருக்கு அன்று சோறு இறங்கியிருக்கும். மனைவி அதன்பிறகு அவரிடம் பேசவில்லை.

அச்சகத்துக்கு ஓடினார். "எல்லாத்தையும் எடுத்துடலாம் சார். அந்தப் பாறைதான் காட்டிக்குடுத்துடுச்சு, தாயைத் தோண்டி எடுத்துட்டாங்க."

"எடுக்கறதா? இன்னும் அடிக்கச் சொல்லிக் கேக்கறாங்கய்யா! ஒரு எறும்புத்தின்னி போனா என்ன, இதைப் பாத்து ஊரே திருந்தும்" என்றார் முதலாளி. அதற்குமேல் பேசினால் சுவரோடு பேசுவதுதான். ஓவியர் கழிவுக் காகிதக் கட்டையும் பசை வாளியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே வந்த மனைவி வாசலில் நின்றிருந்தாள். வாளியை வாங்கிக்கொண்டாள்.

மலையடிவாரச் சந்தையில் ஆரம்பித்தார்கள். பாறையின்மேல் மட்டும் சாம்பல் நிறக் காகிதம்.

"நல்லாருக்கற படத்தை ஏன்ணே கெடுக்கறீங்க?" என்றாள் பழக்காரி. ஓவியர் காரணத்தைச் சொன்னார். அவள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியைச் சுவரோரம் போட்டாள். "ஏறி நின்னு ஒட்டுங்க. கை எட்டல பாருங்க."

செல்போன் அடித்தது. அவர் கையில் பசை, மனைவிதான் எடுத்தாள். கேட்டுவிட்டு மெல்ல வைத்தாள்.

"குட்டி கிடைச்சிடுச்சாம்."

"உசிரோடவா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

ஓவியர் முக்காலியிலிருந்து இறங்கினார். பழக்காரி வேறு பக்கம் பார்த்தாள்.

"இனிமே யாருக்காக ஒட்டறது?" என்றார்.

மனைவி தூரிகையைப் பசையில் முக்கி அவரிடம் நீட்டினாள்.

"பொந்து காலியா இருந்தா இன்னொண்ணு வந்து குடியேறும்னு தம்பி சொல்லுவான். ஏறுங்க."

ஏறினார். ஒட்டினார். காகிதத்துக்குக் கீழே ஒரு வேர் நுனி மட்டும் தெரிந்தது. எவ்வளவு அச்சு அசலாக வரைந்திருந்தார்! இன்னொரு துண்டைக் கிழித்து அதையும் மூடினார்.