மச்சுக்காரர்களின் குறை

என் மகள் ரேஷ்மி என்னிடம் பேசுவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. சுத்தமாகப் பேசவில்லை என்று சொன்னால் அது அநியாயம். கேட்டதற்குப் பதில் வரும். "ஆச்சு." "வேண்டாம்." "பெரியம்மாட்ட கேளுங்க." அதில் அப்பா என்கிற சொல் மட்டும் இருக்காது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இத்தனை வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் ரத்தம்தான், வேறெங்கிருந்து வரும்?

நான் சிவபிரசாத். தக்கலைக்காரன். ஷார்ஜாவில் பதினேழு வருடமாக ஏசி மெக்கானிக். போன டிசம்பரில் என் மனைவி சபிதா செத்துப்போனாள். "சபிதாவுக்குச் சின்னதா ஒரு காய்ச்சல், நீங்க ஒண்ணு வந்துட்டுப் போங்க" என்றுதான் எனக்குப் போன் வந்தது. எங்கள் பக்கத்தில் கல்ஃப்காரனிடம் யாரும் கெட்ட சேதி சொல்ல மாட்டார்கள். அங்கே தனியாகக் கிடந்து தவிப்பானே என்று எல்லாவற்றையும் மூடி வைப்பார்கள். நாங்களும் யோக்கியர்கள் இல்லை. ஏணியிலிருந்து விழுந்து தலையில் நாலு தையல் போட்ட அன்றைக்கும் தொப்பியை மாட்டிக்கொண்டு வீடியோவில் வந்து "சுகமாட்டு இருக்கேன்" என்று சொன்னவன்தான் நான். சின்னக் காய்ச்சலுக்கு யாரும் ஷார்ஜாவிலிருந்து ஆளைக் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? திருவனந்தபுரத்தில் இறங்கி, கூட்டிப்போக வந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கார் டிரைவரிடம் ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

வீட்டு முற்றத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தாள். பெட்டியின் ஃபேன் சத்தம் சரியில்லை. பேரிங் போயிருந்தது. நான் பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ரேஷ்மியும் பார்த்தாள். அன்றைக்கு மரத்துப்போனதுதான். கையை மடக்கிப் படுத்துத் தூங்கி எழுந்தால் அந்தக் கை நம்முடையது இல்லாததுபோல் கிடக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி. இரண்டு நாளில் சரியாகும் என்று பார்த்தேன். ஆகவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்ததும் ரேஷ்மி பையைத் தூக்கிக்கொண்டு வடசேரியில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியம்மா என்றால் சபிதாவின் அக்கா சண்முகவடிவு. நான் தடுக்கவில்லை. அம்மா சாகும்போது பக்கத்தில் இல்லாத மனுஷனோடு எந்தப் பிள்ளை இருக்கும்? கோபம் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஜூன் பத்தாம் தேதி எனக்கு டிக்கெட் இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் விசா போய்விடும். மனதுக்குள் ஒரு முடிவு வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் பிள்ளை தக்கலை வீட்டுக்குத் திரும்பி வந்தால் நான் போகமாட்டேன், இங்கேயே ஏசி மாட்டிப் பிழைத்துக்கொள்வேன். வராவிட்டால் போய்விடுவேன். ஆளில்லாத வீட்டில் எனக்கு என்ன சோலி?

மே மாதம் ஒரு சனிக்கிழமை சண்முகவடிவு மைனி போன் செய்தாள்.

"ரெண்டு மணிக்கு இங்க வாருங்க. பிள்ளையளுக்கு விளையாட ஒரு ஆள் குறையுதாம். என்னக் கூப்பிட்டுதுவ. எனக்கு அடுப்படியில வேலை கெடக்கு. உங்க பேரச் சொன்னேன். அவ வேண்டாம்னு சொல்லல்ல, கேட்டியளா?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய காரியம். வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சந்தையில் மாம்பழம் வாங்கிக்கொண்டு ஒன்றே முக்காலுக்கே போய் நின்றேன்.

சாப்பாட்டு மேசையில் தாளும் பென்சிலும் பரப்பியிருந்தார்கள். ஒரு முனையில் ரேஷ்மி. அவள் முன்னால் அட்டையை மடித்து மறைப்பாக நிறுத்தியிருந்தாள். இந்தப் பக்கம் அவளோடு படிக்கும் ஜிஷா, அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஜெப்சன். நடுவில் இருபது முகம் உள்ள ஒரு டைஸ். தாயக்கட்டை உருட்டி வளர்ந்த எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இருபது முகம் எதற்கு? மனுஷனுக்கு ஆறு போதாதா?

"இது கதைதான் மாமா," என்றாள் ஜிஷா. "ரேஷ்மி சொல்லுவா. நாம கதைக்குள்ள உள்ள ஆளுவ. நம்ம ஆளு என்ன செய்யணும்னு நாமதான் சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு டைஸ் சொல்லும். ஆனா இன்னைக்குத் தீராது, மூணு மாசம் ஆவும்."

"மூணு மாசமா? எனக்குப் பத்தாம் தேதி டிக்கெட்டாக்கும்."

"போறவங்களுக்கு எதுக்குத் தாளு?" என்றாள் ரேஷ்மி, அட்டைக்குப் பின்னாலிருந்து. ஆனாலும் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். "எல்லாரும் பாதி மிருகம், பாதி மனுஷன். ஏற்கெனவே உள்ள கூட்டத்த எடுக்கக்கூடாது. புதுசா உண்டாக்கணும். ஒரு வரம், ஒரு குறை. ரெண்டும் எழுதினாத்தான் ஆட்டத்துல சேப்பேன்."

ஐந்து மாதத்தில் அவள் என் காதுபட இத்தனை சொற்களைச் சேர்த்துச் சொன்னது அன்றுதான்.

ஜிஷா முன்பே உண்டாக்கியிருந்தது ஆமைக் கூட்டம். வரம், முதுகிலேயே வீடு. குறை, விருந்தாளி வந்தால் உள்ளே கூப்பிட முடியாது. ஜெப்சனுடையது உடும்புக் கூட்டம். பிடித்த பிடியை விடாது என்பது வரம். விட நினைத்தாலும் விட முடியாது என்பது குறை. போன ஆட்டத்தில் அவன் ஆள் ஒரு கோட்டைக் கதவைப் பிடித்துவிட்டு மூன்று வாரம் அதிலேயே தொங்கினானாம்.

"மாமா, நீங்க புலி எடுங்க," என்றான் ஜெப்சன்.

"புலியெல்லாம் நமக்குச் சரிப்படாதுடே."

யோசித்தேன். தக்கலை வீட்டின் மச்சில், ஓட்டுக்குக் கீழே பலகை பாவிய பரணில், ஒரு மரநாய் குடியிருக்கிறது. பலகைக்கு மேலே தடதடவென்று ஓடும். அது கடந்துபோனால் வீடு முழுக்கப் பச்சரிசிச் சோறு வெந்த மணம் வரும். கல்யாணமான புதிதில் சபிதா அந்த மணத்தை நம்பி, அடுப்பில் எதையோ வைத்து மறந்துவிட்டோம் என்று எத்தனை தடவை எழுந்து ஓடியிருக்கிறாள்!

"மரநாய்," என்றேன். ஜிஷா சிரித்துவிட்டாள். சிரிக்கட்டும். "ஆளு உயரம், சாம்பல் மயிரு, நீள வாலு. அடுத்தவன் வீட்டு மச்சுலதான் குடியிருப்பு. மச்சுக்காரர்னு பேரு. கீழ உள்ளவங்க பேசுகதெல்லாம் கேக்கும். ஆனா கீழ எறங்கி வர மாட்டாங்க."

"கொள்ளாம் மாமா! வரம் என்ன?"

எனக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஏசி மெக்கானிக்குக்கு முதல் கருவி மூக்குதான். அறைக்குள் நுழைந்ததுமே மோட்டார் காயில் எரிந்ததா, தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்ததா, வயர் உருகியதா என்று நான் சொல்லிவிடுவேன். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

"மூக்கு," என்றேன். "வீட்டுல யாருக்குச் சீக்கு வந்தாலும் மச்சுக்காரனுக்கு மணம் பிடிச்சிரும். எவ்வளவு தூரத்துல இருந்தாலும் செரி. கடலுக்கு அக்கரையில இருந்தாலும் செரி."

ரேஷ்மியின் பென்சில் நின்றது.

"அது கூடாது."

"ஏன்?"

"கூடாதுன்னா கூடாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏட்டி, ஆமைக்கு வீடு குடுத்தே, உடும்புக்குப் பிடி குடுத்தே. எனக்கு ஒரு மூக்கு குடுத்தா உனக்கு என்ன நட்டம்?"

அவள் அட்டையைத் தட்டிவிட்டாள். முகம் தெரிந்தது. "அப்படி ஒரு மூக்கு இருந்தா, உங்களுக்கு ஏன் தெரியல்ல?"

அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"நாலு மாசம்," என்றாள். "தெனமும் நான்தான் போனப் பிடிச்சேன். முடி கொட்டினது தெரியாண்டாம்னு நெத்திக்குக் கீழ பிடிக்கச் சொன்னா அம்மா. தோளெலும்பு தெரியாண்டாம்னு கழுத்துக்கு மேல பிடிக்கச் சொன்னா. நான் அளந்து அளந்து பிடிச்சேன். 'அவரு அங்க கெடந்து தவிப்பாரு, சொல்லாத மக்கா'ன்னு சத்தியம் வாங்கினா. நான் சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்க. அம்மா உங்களக் கண்டுட்டாவது போயிருப்பா. நான் சொல்லல்ல. அதனாலதான் நீங்க அழக்கூட மாட்டாம அந்தப் பெட்டிக்குப் பின்னால போய் உக்காந்தீங்க." குரல் உடைந்தது. "நான் வீட்டுக்கு வாறேன். நீங்க சொன்னபடி கேக்கேன். என்ன வெறுத்துராதீங்க."

அட பாவி, இது கோபமே இல்லையா? ஐந்து மாதமாகப் பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது இதற்குத்தானா?

நான் எதற்காக வந்தேனோ அது மேசைமேல் என் முன்னால் இருந்தது. "செரி மக்கா, போனது போகட்டும், வா" என்று சொன்னால் போதும். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்துவிடுவாள். வந்து, வாழ்நாள் முழுக்க அம்மாவைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் அப்பாவைத் தடுத்த பிள்ளையாகவே என் வீட்டில் நடமாடுவாள். உண்மையைச் சொன்னால் அவள் வராமலே போகலாம். வாயை மூடிக்கொள்ளத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. அதை மறைத்து என்ன?

"எனக்குத் தெரியும்," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"அக்டோபர்ல ஒரு நாளு போன் உன் கையிலேருந்து வழுக்கிச்சு. ஒரு நொடிதான். பின்னால பச்சச் சுவரு தெரிஞ்சுது. இது எந்தச் சுவருன்னு கேட்டேன். பெயின்ட் அடிச்சாச்சுன்னு உங்கம்மா சொன்னா. நிறம் கொள்ளாம்னு நான் சொன்னேன். ஓர்ம இருக்கா?"

"ம்."

"அவ தலைக்கு மேல, அந்தச் சுவத்துல, ஆக்சிஜன் குழாய் சொருகுற பித்தள வாயி ஒண்ணு இருந்துது. ஷார்ஜாவுல ரெண்டு ஆஸ்பத்திரிக்கு ஏசி மாட்டினவன் நான். எனக்கு அது என்னன்னு தெரியாதா? எந்த வீட்டுச் சுவத்துல அது இருக்கும்? பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு. கேட்டா நீங்க சொல்லிருவீங்க. சொன்னா நான் வரணும். வந்தா பாக்கணும். எனக்குப் பேடி, மக்கா, பயம். கேக்காம இருந்தா ஒண்ணும் இல்லன்னு இருந்துரலாம்னு நெனச்சேன். ரெண்டு மாசம் அப்படித்தான் இருந்தேன். நீ ஒண்ணும் மறைக்கல்ல. நான்தான் கேக்கல்ல."

சொல்லி முடித்தபிறகும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ வேறொருவனின் கதையைச் சொன்னதுபோல் இருந்தது.

ரேஷ்மி எழுந்து போனாள். பின்கட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது ஓடிக்கொண்டே இருந்தது. ஜெப்சன் வாய்க்குக் கொண்டுபோன ஏத்தங்காய்ச் சிப்ஸைச் சத்தமில்லாமல் தட்டில் திருப்பி வைத்தான். ஜிஷா தன் ஆமையின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைனி அடுப்படி வாசலில் வந்து நின்று, "நீங்க..." என்று தொடங்கி, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். பஸ் இருக்கிறது. பத்தாம் தேதி விமானமும் இருக்கிறது.

குழாய் நின்றது. ரேஷ்மி ஈர முகத்தோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே விழுந்த அட்டையை எடுத்து நிறுத்தினாள். எடுத்ததை மறுபடி மடக்கிக் கீழே வைத்துவிட்டாள்.

"வீட்டுக்கு வாறேன்னு சொன்னேன்லா," என்றாள். "இப்ப எனக்குத் தெரியல்ல."

"செரி."

"உங்க மேல எனக்கு வெறுப்பு வருது."

"வரட்டும் மக்கா."

என் தாளை விரலால் தட்டினாள். "மூக்கு இருக்கட்டும். குறை எழுதல்ல."

பென்சிலை எடுத்தேன். எழுத அதிக நேரம் ஆகவில்லை. மணம் தெரிந்தாலும் தெரியாதவர்கள்போல் மச்சிலேயே இருந்துவிடுவார்கள். அவள் அதை வாங்கி வாசித்தாள். இரண்டாம் தடவையும் வாசித்தாள். பிறகு தாளை மற்ற இரண்டு தாள்களுக்கு மேல் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"தொடங்குகேன்," என்றாள். ஜிஷாவும் ஜெப்சனும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஒரு வீடு. ஒரு அறை. கதவு சாத்தியிருக்கு. உள்ளேருந்து சீக்கு மணம் வருது. மச்சுக்காரனுக்கு அது யாருன்னு தெரியும். என்ன செய்யுகான்?"

டைஸைக் கையில் எடுத்து மூடிக்கொண்டேன். அதன் முனைகள் உள்ளங்கையில் குத்தின. குத்துவது தெரிந்தது.

"கீழ எறங்குகான்," என்றேன்.

"எறங்கி?"

"கதவத் தட்டுகான்."

"தட்டி?"

"கேக்கான். உனக்கு என்ன செய்யுது சபிதான்னு கேக்கான்."

டைஸை உருட்டக் கையை நீட்டினேன். ரேஷ்மி எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கதுக்கு டைஸ் வேண்டாம்ப்பா," என்றாள்.