அருந்ததியைப் பார்த்தவர்கள்

உர்சுலாவுக்குப் புத்தகங்களைப் பற்றி ஒரு கொள்கை இருந்தது. ஒரு புத்தகம் தேறுமா தேறாதா என்று தெரிந்துகொள்ள முதல் பக்கத்தைப் புரட்டக் கூடாது. பின்னட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பார்க்க வேண்டும். யார் புத்தகத்தை எடுத்துப் போனாலும் திருப்பித் தரவேண்டிய தேதியை அந்தத் தாளில்தான் முத்திரை குத்துவார்கள். முத்திரை நிறைந்திருந்தால் நிறையப் பேர் படித்த புத்தகம். பண்டிதர் பொய் சொல்வார், பத்திரிகை பொய் சொல்லும், தேதித் தாள் பொய் சொல்லாது. இப்படித்தான் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதில் இந்த மாதிரி ஒரு கொள்கையாவது இல்லாவிட்டால் எப்படி?

1962ஆம் ஆண்டு. நகர நடுவே இருந்த ஒரு நூலகத்தில் தமிழ்ப் பிரிவுக்கு அவள்தான் உதவியாளர். தமிழில் ஒரு வாசகர் வட்டம் வேண்டும் என்று மூன்று முறை கடிதம் எழுதி, மூன்றாவது கடிதத்தில் கொஞ்சம் கோபத்தையும் சேர்த்து, கடைசியில் அனுமதி வாங்கிவிட்டாள். தலைமை நூலகரான வெள்ளைக்கார அம்மையார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை மாலை, மாடி அறையில் முதல் கூட்டம். பதினைந்து பேராவது வர வேண்டும். வராவிட்டால் அந்த அறை தபால்தலை சேகரிப்போருக்குப் போய்விடும். அவர்கள் ஏற்கெனவே அதன்மேல் கண் வைத்திருந்தார்கள்.

ஆக, முதல் புத்தகம் எது என்பதில்தான் எல்லாமே இருந்தது. ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. தமிழாசிரியர் சுப்பிரமணியம் ஏழு புத்தகங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். ஏழும் இலக்கணம். அண்ணன் லாசரஸ், கொலை நடக்கிற கதையாக இருந்தால் கூட்டம் வரும் என்றான். உர்சுலா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, தன் கொள்கையை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே போய் நின்றாள். அங்கே நிற்கும்போதெல்லாம், மாதா கோயில் பூசையில் மணியடித்து எல்லோரும் முழங்காலிடும்போது வருகிற அமைதி அவளுக்கு வரும். ஒரு வாரம் தேடினாள். ஏழு முத்திரை, ஒன்பது முத்திரை. அதற்குமேல் எதுவும் தேறவில்லை.

சனிக்கிழமை மாலை, திரும்பி வந்த புத்தகங்களின் தள்ளுவண்டியில் அது கிடைத்தது. சிவப்புத் துணி அட்டை. மறுபடி பைண்டு செய்தபோது பெயர் போய், முதுகில் எண் மட்டும் இருந்தது. பின்னட்டையைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாள்மேல் தாளாக நான்கு தேதித் தாள்கள். ஐம்பது முத்திரைக்கு மேல். இரண்டே வருடத்தில்.

உள்ளே கதை இல்லை, கவிதை இல்லை. வானம் இருந்தது. நட்சத்திரங்களைப் பற்றி எளிய தமிழில் ஒரு புத்தகம், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விண்மீன் படங்கள். இந்த ஊரில் ஐம்பது தமிழர்கள் சத்தமில்லாமல் வானத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்களா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், பசாரில் கத்திரிக்காய் பொறுக்கியவர்கள், அவர்களில் யார் யார்? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. முத்திரைகள் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, பிசகாமல், ஒரே சீராக விழுந்திருப்பதை அவள் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. வியப்பில் வாய் பிளந்து நிற்பவளுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்?

புத்தகத்தைத் தன் மேசைக்குக் கொண்டுபோனாள். முதல் அத்தியாயத்தை ஸ்டென்சில் அடித்து நாற்பது பிரதி எடுத்தாள். கதவில் விளம்பரம் ஒட்டினாள். பெயர் கொடுக்க ஒரு நோட்டும் வைத்தாள்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. நோட்டில் இருந்தது ஒரே பெயர்: சுப்பிரமணியம். புத்தகத் தேர்வைக் கண்டிக்கவே வருவதாக அவர் பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை, புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் இருந்த நூர்தீன் அவளிடம் வந்தார். "அந்தச் சிவப்புப் புத்தகம் உங்ககிட்டயா இருக்கு? ஒரு அம்மா மூணு தடவ வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க, பாவம்."

"எந்த அம்மா?"

"அதான், எப்பவும் எடுப்பாங்களே அவங்கதான். சனிக்கிழமை கொண்டாந்து கொடுப்பாங்க. மத்தவங்களுக்கும் ஒரு நாள் இருக்கட்டும்னு விட்டுட்டு, திங்கக்கிழமை வந்து திரும்ப எடுப்பாங்க. ரெண்டு வருஷமா இதே கதைதான் லா."

உர்சுலா மெல்லக் கேட்டாள். "வேற யாரும் எடுத்ததே இல்லையா?"

"வேற யாரு எடுப்பா அத?"

"ஏன் நீங்க இத முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே," என்றார் நூர்தீன். அதுவும் நியாயம்தான்.

ஐம்பது பேர் இல்லை. ஒருத்தி. ஒரே ஒருத்தி. அந்த ஒருத்தியின் கையிலிருந்த புத்தகத்தையும் பறித்து வைத்துக்கொண்டு, நாற்பது பிரதி அடித்திருக்கிறோம் என்று நினைத்தபோது உர்சுலாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. இன்னும் நான்கு நாள். பதினைந்து பேருக்கு எங்கே போவது? புத்தகத்தையாவது உரியவளிடம் சேர்ப்போம் என்று, பதிவு அட்டையில் பெயரையும் முகவரியையும் பார்த்துக்கொண்டு மாலை பஸ் ஏறினாள்.

ஃபேரர் பார்க் திடலுக்குப் பக்கத்தில், துப்புரவுத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். முத்தாயி என்று கேட்டதும், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பசாரில் கூட்டிப் பெருக்குகிற வேலை. உர்சுலாவின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"நான் ஏதாச்சும் கிழிச்சிட்டேனா மிஸ்?"

"ஐயோ, இல்லம்மா. என்மேலதான் தப்பு. ரெண்டு வருஷமா நீங்க ஒருத்தர்தான் இதப் படிக்கிறீங்கன்னு தெரியாம எடுத்து வச்சுட்டேன்."

"ஒருத்தரா? புத்தகம் எடுக்குற டிக்கெட்தான் மிஸ் என்கிட்ட இருக்கு. படிக்கிறது எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"இந்த லைன்ல உள்ளவங்க எல்லாரும்."

உர்சுலாவுக்கு முதலில் விளங்கவில்லை. முத்தாயியின் கணவர் தங்கராஜு உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு விளக்கினார். "ஜப்பான்காரன் காலத்துல அரிசிக்கு வீட்டுக்கு ஒரு கார்டுதானே. அதே மாதிரி இதும் லைனுக்கு ஒண்ணுன்னு நெனச்சோம். இவளுக்குத்தான் தொழிலாளர் சங்கத்துல எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. அதனால இவ பேர்ல வாங்கிட்டோம். இவ உள்ள வருவா. நாங்க யாராச்சும் ரெண்டு பேரு வாசல்ல நிப்போம்."

இரண்டு வருடமாக வாசலில் நின்றிருக்கிறார்கள். உர்சுலா தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போய் வந்தாள்.

"சரி, இந்தப் புத்தகம் ஏன்?" என்று கேட்டாள்.

முத்தாயி சிரித்தாள். "என் கல்யாணம் சிராங்கூன் ரோட்டுக் கோயில்ல, காலையில பத்து மணிக்கு. ஐயரு மேல கையக் காட்டி, அருந்ததி தெரியுதா பாருன்னாரு. வெயிலு கண்ணக் கூசுது. தெரியுதுன்னு சொல்லிட்டேன். இவரும் தெரியுதுன்னாரு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றது," என்றார் தங்கராஜு.

"இருபத்திரெண்டு வருஷம் மிஸ். அந்தப் பொய்யி உள்ளயே உறுத்திக்கிட்டு இருந்துச்சு. எழுத்துக் கூட்டத் தெரிஞ்சதும் அது எங்கதான் இருக்குன்னு பாத்துடுவோம்னு எடுத்தேன். பக்கத்து வீட்டு மங்களம், நானும் பாக்கலடின்னா. அப்புறம் பார்த்தா, லைன்ல ஒருத்தரும் பாக்கல."

அவர்கள் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. ஏழரை மணி. புத்தகம் வந்துவிட்ட செய்தி லைன் முழுக்கப் பரவி, ஆணும் பெண்ணுமாக முப்பது நாற்பது பேர் திடலின் ஓரத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கராஜு டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிப் பிடித்தார். வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமாம், புத்தகத்திலேயே இருக்கிறதாம். முத்தாயி வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு வாக்கியம் படித்தாள். நாற்பது முகங்களும் ஒன்றாக மேலே நிமிர்ந்தன.

உர்சுலாவும் நிமிர்ந்தாள். வடக்கே ஏழு நட்சத்திரம். வால் வளைகிற இடத்தில் ஒன்று. அதை ஒட்டி, இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு பொடி வெளிச்சம்.

"தெரியுதுன்னு பொய் சொல்லாதீங்க," என்றாள் முத்தாயி. "கண்ணு பழகட்டும்."

பழகியது. தெரிந்தது. தங்கராஜு உர்சுலாவின் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "வேதக்காரப் புள்ளையா நீங்க? அப்ப தெக்கால திரும்புங்க," என்றார். திரும்பினாள். திடலுக்கு மேலே, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நான்கு நட்சத்திரத்தில் ஒரு சிலுவை நின்றது. பிறந்ததிலிருந்து இந்த வானத்துக்குக் கீழேதான் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போகிறாள். ஒரு நாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. அவள் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு முத்தாயி ஒரு பள்ளிக்கூட நோட்டைக் காட்டினாள். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பதால் தனி நோட்டு. "புத்தகம் மதராஸ்ல இருக்கிறவங்களுக்கு எழுதினது மிஸ். துருவ நட்சத்திரம் வடக்கே தெரியும்னு போட்டிருக்கு. மூணு மாசம் தேடினோம். கடைசியில கடலுக்குப் போற மலாய்க்காரங்ககிட்ட கேட்டோம். இங்க தெரியாது லான்னு சிரிச்சாங்க." பன்னிரண்டு மாதத்துக்கும் படம் வரைந்து, எது இங்கே உயரத்தில் வருகிறது, எது தாழ வருகிறது, எது வரவே வராது என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. இரண்டு வருட வானம் அந்த நோட்டில் இருந்தது.

உர்சுலா அதை மூடிக் கொடுத்தாள். "செவ்வாய்க்கிழமை நீங்க எல்லாரும் நூலகத்துக்கு வரணும்," என்றாள்.

"எல்லாருமா? ஒரு டிக்கெட்தானே இருக்கு."

"உள்ள வர டிக்கெட்டே வேணாம்மா."

அதை அவர்கள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி. மாடி அறையில் நாற்பது நாற்காலி. முன்வரிசையில் சுப்பிரமணியம் வாத்தியார், சட்டைப் பையில் அவருடைய ஏழு புத்தகப் பட்டியல். கடைசி வரிசையில் தலைமை நூலகர். ஆறே கால். ஆறு இருபது. அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உர்சுலாவால் உட்கார முடியவில்லை. அப்போது நூர்தீன் கதவில் எட்டிப் பார்த்து, கொஞ்சம் கீழே வரச் சொன்னார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. அம்மையாரும் பின்னாலேயே இறங்கினார்.

நூலகத்தின் முன்படிகளில், கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை, செருப்புகள். ரப்பர் செருப்பு, வார் அறுந்து கம்பி கட்டின செருப்பு, மரக்கட்டைச் செருப்பு, ஜோடி ஜோடியாக ஒழுங்காக விடப்பட்டிருந்தன. உள்ளே வழவழத்த தரையில், துவைத்து உடுத்த உடுப்போடு, நாற்பத்து மூன்று பேர் வெறுங்காலுடன் நின்றார்கள். அண்ணாந்து அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானத்தைப் பார்த்த அதே முகங்கள். மங்களம் மட்டும் ஒரு புத்தகத்தின் முதுகை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அம்மையார் செருப்புகளைப் பார்த்தார், உர்சுலாவைப் பார்த்தார். மேலே போய், தன் நாற்காலியையும் வந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

எல்லோரும் மாடிக்கு வந்ததும் வாத்தியார் பிரதியைக் கையில் எடுத்து, கணீரென்று படிக்கத் தொடங்கினார். முதல் பக்கத்திலேயே அந்த இடம் வந்தது. "வடக்கு வானில் துருவ நட்சத்திரத்தைக் காணலாம்."

"இங்க தெரியாதுங்க ஐயா," என்றாள் முத்தாயி.

"புத்தகத்தில் இருக்கிறதே அம்மா."

"புத்தகத்துல இருக்குங்க. வானத்துல இல்ல."

நோட்டு அவர் கைக்குப் போனது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எழுத்துப் பிழைகளைக் கண்டால் சும்மா விடாத மனிதர். பக்கத்துக்குப் பத்து இருந்தது. ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் தாழ்ந்த குரலில், "நானும் மணவறையில் தெரிகிறது என்றுதான் சொன்னேன்," என்றார். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

கூட்டம் முடியும்போது, அடுத்த மாதப் புத்தகம் எது என்று அம்மையார் உர்சுலாவிடம் கேட்டார். அறை இனி யாருக்கு என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. உர்சுலா வாத்தியாரைப் பார்த்தாள். அவர் பையிலிருந்த பட்டியலைத் தொட்டார், எடுக்கவில்லை. மடியிலிருந்த பள்ளிக்கூட நோட்டைக் காட்டி, "இதுதான்," என்றார்.

கவுண்டரில் நூர்தீன் டிக்கெட் படிவம் தீர்ந்துபோய் வெள்ளைத் தாளில் லைன்காரர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். முத்தாயி சம்மதிக்க, உர்சுலா அந்த நோட்டின் பின்னட்டையில் புதிதாக ஒரு தேதித் தாளை ஒட்டினாள். ஆசிரியர் பெயருக்கு யாரைப் போடுவது என்று கேட்டதற்கு, "லைன்னு போடுங்க மிஸ்," என்றாள் முத்தாயி. அப்படியே போட்டாள். முதல் ஆளாகச் சுப்பிரமணியம் வாத்தியார் தன் டிக்கெட்டை நீட்டினார். வெற்றுத் தாளில் ஒரே ஒரு முத்திரை விழுந்தது. ஒரு முத்திரைக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தாளுக்குத் தெரியாது. உர்சுலாவுக்கு இப்போது தெரியும்.

வெளியே நன்றாக இருட்டியிருந்தது. வாத்தியார் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் நின்று, முத்தாயி கைகாட்டிய திசையில் அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தெரியலையே அம்மா," என்றார்.

"நில்லுங்க ஐயா. தெரியும்."

நாற்பத்து மூன்று பேரும், உர்சுலாவும், கவுண்டரைப் பூட்டிவிட்டு வந்த நூர்தீனும் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் பார்க்கும்வரை ஒருவரும் செருப்பை மாட்டவில்லை.