காலை ஐந்து நாற்பது

இன்னொரு தடவை அதைச் சொல்லிவிடாதே. யாரைக் கட்டிக்கொண்டு வேண்டுமானாலும் அழு, என்னை வேண்டுமானாலும் திட்டு, அதை மட்டும் சொல்லாதே, தாயே.

முன்னறையில் நாற்காலிகளை விரித்துப் போட்டபடி அவள் தன் தம்பி மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையும்போதெல்லாம் கையிலிருந்த நாற்காலி பாதி விரிந்தபடி நின்றது. இந்த அறையில் இதுவரை வந்ததெல்லாம் ஆபத்தில்லாத வார்த்தைகள். மூன்று மணிக்கு எடுக்கிறோம். காரைத் தெருமுனையிலேயே விட்டுவிடுங்கள். பாப்பா உள்ளே தூங்குகிறாள்.

தம்பி அறையின் நடுவே மூடிய பெட்டிக்குள் இருந்தான். முகத்தைக் காட்ட முடியாது என்று மருத்துவமனையிலேயே சொல்லிவிட்டார்கள்.

"பஸ்ஸே ஆனாலும் நின்ன பிறகுதானே இறங்கறோம்" என்று பெரியப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி உயிரோடிருந்தபோது வாராவாரம் சொன்ன அதே வசனம். "நம்ம பஸ்ஸு எங்க பெரியப்பா நிக்குது" என்று அவன் பதிலுக்குக் கொடுப்பான். அந்தப் பதில் வரவேண்டிய இடத்தில் பெரியவர் சற்று நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மேட்டின் மேலிருக்கும் விமானத் திடலில் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். பாராசூட்டோடு குதிக்க இருபத்திரண்டு வருடமாகக் கற்றுக்கொடுக்கிறாள். தம்பியும் அவளிடம் கற்றவன்தான். பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, குதிப்பவர்களைக் கூடவே குதித்துப் படம் பிடித்தான். நேற்றுக் காலை விமானத்திலிருந்து வெளியேறும்போது வாசல் விளிம்பில் அவன் தலை மோதியது. அதன் பிறகு அவன் கைகள் அசையவில்லை.

அப்படி ஒரு நிமிடத்துக்காகத்தான் முதுகுப் பைக்குள் சோப்புப் பெட்டி அளவில் ஓர் இயந்திரம் இருக்கிறது. காற்றின் அழுத்தத்தை வைத்து அது உயரத்தைக் கணக்கிடும். தரை நெருங்கியும் ஆள் வேகம் குறையாமல் விழுந்துகொண்டிருந்தால், தானே கயிற்றை வெட்டி இரண்டாவது பாராசூட்டைத் திறந்துவிடும். ஆனால் எந்த இடத்தில் அதை ஆன் செய்து முடுக்குகிறோமோ அந்த இடத்தைத்தான் தரை என்று நினைத்துக்கொள்ளும். அதனால் திடலுக்கு வந்த பிறகே முடுக்க வேண்டும். இந்த விதியைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தவளே அவள்தான்.

இன்று காலை அடுப்படியில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே தம்பி மனைவி சொன்னாள்.

"மிஷின் கைவிட்டுடுச்சேக்கா. நான்தான் ஆன் பண்ணேன். விளக்கு எரியறப்பல்லாம் அமுக்கணும், நாலு தடவை. சரியாத்தான் பண்ணேன். பூஜ்யம் வந்துச்சு. பாத்துட்டுத்தான் வச்சேன்."

தம்ளர் துடைக்கும் துணி அவள் கையில் இருந்தது. தான் செய்ததை இன்றைக்கும் பெருமையாக நினைத்துக்கொள்ளலாம் என்பதுபோலத் துணியை மெதுவாக மடித்தாள்.

"இங்கேயா? வீட்டுலயா?"

"ஆமா. அவருக்குத்தான் அந்த பட்டன் வராதே. ஒண்ணு முந்திடுவாரு, இல்ல பிந்திடுவாரு. அன்னிக்கு மறந்துட்டு வந்துட்டாருன்னு பசங்க முன்னாடி திட்டினீங்களே, அதுலேர்ந்து நான்தான். அஞ்சு நாப்பதுக்கு அவர் குளிக்கப் போறப்பவே போட்டு வச்சிடுவேன்."

ஐந்து மாதம். கடற்கரையை ஒட்டிய இந்த வீட்டிலிருந்து மேட்டுக்குப் போக வளைந்து வளைந்து ஏறும் சாலை. பாதி வழியில் காது அடைத்துக்கொள்ளும். நானூறு மீட்டர் உயரம். ஐந்து மாதமாக அந்த இயந்திரம் இந்த அடுப்படியைத் தரை என்று நம்பிக்கொண்டு வானத்துக்குப் போய் வந்திருக்கிறது. மலையைக் குடைந்து உள்ளே இறங்கினால்தான் அது வேலை செய்திருக்கும். தினமும் அவன் கையாலேயே திறந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

டீச்சருக்கும் தெரியவில்லை. விமானம் ஏறுமுன் ஒவ்வொருவர் பின்கழுத்தருகிலும் இயந்திரத்தின் எண் தெரியும் சின்ன ஜன்னலைப் பார்த்துத் தோளில் தட்டுவது அவள் வேலை. நேற்றும் பார்த்தாள். பூஜ்யம் இருந்தது, எங்கே முடுக்கினாலும் அதுதான் இருக்கும். தட்டினாள். "அடிக்காதக்கா, வலிக்குது" என்று நடித்துக் காட்டினான்.

நாலாயிரம் தடவை விமான வாசலில் நின்றவள். அங்கே வரும் பயம் அவளுக்குப் பழக்கமானது, குதித்தால் தீர்ந்துவிடும். இந்தப் பயத்துக்குக் குதிக்க வாசல் இல்லை. நாற்காலிகளுக்கு நடுவே, வருகிறவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டு, அது கூடவே நடந்தது. தம்பி மனைவிக்கு இருபத்தொன்பது வயது. உண்மை தெரிந்தால், இன்னும் எத்தனை காலைகளில் ஐந்து நாற்பதுக்கு அவள் இந்த அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும்?

இரண்டு மணிக்குக் கேப்டன் வந்தார். திடலுக்கு அவர்தான் முதலாளி, விமானத்தை ஓட்டுபவரும் அவரே. பெட்டியருகில் நெடுநேரம் நின்றார். பிறகு அவளைக் கண்ணால் கூப்பிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஓர் அறிக்கைத் தாளை எடுத்தார்.

"இயந்திரத்தோட நினைவைப் படிச்சுட்டாங்க, டீச்சர். முடுக்கினது காலைல அஞ்சு நாப்பது. நம்ம கேட்டே ஏழு மணிக்குத்தான் திறக்கறோம்."

அவள் கண் தாளில் இருந்த நேரத்திலேயே நின்றது.

 இது மற்றத் திடல்களுக்கும் போகிற அறிக்கை என்றார் கேப்டன். இதே தப்பை இன்னும் எத்தனை வீடுகளில் செய்கிறார்களோ, தெரிந்தால் நாலு உயிர் பிழைக்கும் என்றார். அதில் பொய்யில்லை. அவளே வகுப்பில் சொல்வதுதான்.

"அந்த பட்டன் அவனுக்கு வராதுன்னு திடலுக்கே தெரியும். வீட்டுல வேற யாரு இருக்கா? அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

சொல்லி வைத்ததுபோல் தம்பி மனைவி காபித் தட்டோடு வாசலில் நின்றாள். எதுவரை காதில் விழுந்தது என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. 

"மிஷின் ஏன் வேலை செய்யலன்னு தெரிஞ்சுதா, கேப்டன்?"

கேப்டன் டீச்சரைப் பார்த்தார்.

"பாத்துட்டிருக்காங்க" என்றாள் டீச்சர்.

"ஏன்னா, காலைல நான்தான்…"

"பாப்பா எழுந்துட்டா போலிருக்கு. போய்ப் பாரும்மா."

தம்பி மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அவள் டீச்சரை ஒரு கணம் நேராகப் பார்த்தாள். பிறகு தட்டை முக்காலியில் வைத்துவிட்டு, சத்தம் வராத அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேப்டன் கீழே குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். முடுக்கியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

டீச்சர் தாளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் பேனாவால் எழுதினாள். இயந்திரம் திடலுக்கு வெளியே, தாழ்வான இடத்தில் முடுக்கப்பட்டது. அதனால் திறக்கவில்லை. சோதித்தவர் என்ற கட்டத்தில் தன் பெயர். அதற்கு எதிரே: பூஜ்யத்தைப் பார்த்தேன். எங்கே முடுக்கியது என்று கேட்கவில்லை. ஐந்து மாதமாகக் கேட்கவில்லை.

கேப்டன் தாளையும் பேனாவையும் வாங்கிப் படித்தார். "இதை எழுதினா உங்க லைசென்ஸ் போயிடும், டீச்சர்."

"போகும்."

"திருப்பித் தர மாட்டாங்க."

"தெரியும்."

அவர் விரல் இன்னொரு கட்டத்துக்கு வந்து நின்றது. முடுக்கியவர். "இதையும் நிரப்பிடுங்க. பேர்கூட வேணாம், உறவு மட்டும் போதும். இந்த வீட்டுக்குள்ள இந்தத் தாள் வராது. நான் பொறுப்பு."

முன்னறையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நேரமாகிவிட்டது என்று பெரியப்பா யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். சாத்திய கதவு திறக்கவில்லை.

"அந்த இடத்துல நான் எழுதலை, கேப்டன்."

"காலியா விட்டா கேள்வி வரும்."

"வந்தா என்னைக் கேக்கட்டும்."

அவர் பேனாவை நீட்டியபடியே இருந்தார். அவள் அதன் மூடியைத் தேடி எடுத்து, அவர் கையிலிருந்த பேனாவின் மேலேயே பொருத்தி, மெல்ல அழுத்தினாள்.