பூட்டக்கா வைத்த வரம்பு

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தவருக்கு லாகின் திறப்பதும் விட்டுப் போனவருக்கு அதை மூடுவதும் அவள் பொறுப்பு. கையால் அல்ல, கனெக்டரால். கனெக்டர் என்றால் ஏதோ சூரப்புலி என்று நினைத்துவிட வேண்டாம். எச்.ஆர். பதிவில் ஒருவர் வந்தார், போனார் என்று ஏறினால், அந்தச் செய்தியை மெயில், சம்பளம், மருந்து அலமாரி என்று ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருள், அவ்வளவுதான். சொன்னதைச் செய்யும், சொந்த மூளை சுத்தமாகக் கிடையாது.

அதனால் அவள் ஒரு வரம்பு வைத்திருந்தாள். ஒரே மூச்சில் ஏழெட்டுப் பேருக்கு மேல் மூடச் சொன்னால் கனெக்டர் அப்படியே நின்றுவிட வேண்டும். அவள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நகர வேண்டும். மேனேஜருக்கு இந்த வரம்பைக் கண்டாலே ஆகாது.

அன்று காலை கனெக்டர் நின்றது. புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள் லாகின் இல்லாமல் வரவேற்பறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"மறுபடியும் உங்க வரம்பா? அதைத் தூக்கிட்டு ஓட விடுங்கம்மா."

"யாரை மூடச் சொல்லுதுன்னு பாத்துட்டு ஓட விடுறேன் சார்."

திரையில் பெயர்கள் விழுந்தன. எல்லாம் ஒப்பந்த நர்ஸ்கள். நடுவில் அவள் தங்கை. பச்சிளம் குழந்தைகள் வார்டில் வருஷக்கணக்காக மாடாய் உழைக்கிறவள். இப்போதும் அங்கேதான் நிற்கிறாள். லாகினை மூடினால் மருந்து அலமாரி அவளுக்குத் திறக்காது.

மேனேஜரும் பார்த்துவிட்டார். குரல் இறங்கியது.

"இது உங்க தங்கச்சி இல்ல? ஒப்பந்தத்தை முடிச்சிருப்பாங்க. கஷ்டந்தான். ஆனா தங்கச்சிக்காக நிறுத்தி வெச்சீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது பாருங்க."

சுருக்கென்று தைத்தது. மனுஷன் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் கடுப்பு. வேலை போனது உண்மையானால் தங்கையின் லாகினை அவளே மூடத்தான் வேண்டும். மூடுவாள். ஆனால் உண்மையா என்று பார்க்காமல் மூட அவள் என்ன கனெக்டரா?

"பத்து நிமிஷம் குடுங்க சார். போனது நிஜம்னா நானே மூடுறேன்."

யாரையாவது வேலையை விட்டு அனுப்பினால் எச்.ஆர். ஒரு காரணம் போடும். இங்கே ஒருவருக்கும் காரணம் இல்லை. எச்.ஆர். பதிவில் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடினாள். தங்கை இரண்டு இடத்தில் இருந்தாள். பழைய ஊழியர் எண் அன்று காலை மூடப்பட்டிருந்தது. புது எண் ஒன்று மறுநாள் தொடங்க இருந்தது, பக்கத்தில் 'நிரந்தரம்' என்று. மற்றவர்களுக்கும் அதே கதை. எண்ணை மட்டுமே நம்பும் கனெக்டர், இத்தனை பேரும் வீட்டுக்குப் போய்விட்டதாக எடுத்துக்கொண்டது.

"யாரும் போகல சார். எல்லாரையும் நிரந்தரமாக்கியிருக்காங்க. வரம்பைத் தூக்கியிருந்தா, இந்நேரம் இவங்க யாராலயும் மருந்து எடுக்க முடிஞ்சிருக்காது."

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வரம்பு இருக்கட்டும். ஆனா நிரந்தரம்ங்கற கடிதம் அவங்க கைக்குப் போற வரைக்கும் இது வெளிய போகக் கூடாது."

"வாயே திறக்க மாட்டேன் சார்."

எண் மாறினாலும் ஆள் மாறவில்லை என்று கனெக்டருக்குப் புரியும்படி இரண்டு எண்களையும் ஒரே ஆளோடு சேர்த்துக் கட்டினாள். முதலில் வெள்ளோட்டம் விட்டாள். மூட ஒருவரும் இல்லை என்றது. பிறகு நிஜமாகவே ஓட விட்டாள். டாக்டர்கள் எழுந்து வார்டுக்குப் போனார்கள்.

அப்போது போன் அடித்தது. தங்கை.

"அக்கா, எங்க எல்லாரையும் எச்.ஆர்.ல வரச் சொல்லியிருக்காங்க. வேலைய விட்டுத் தூக்கப் போறாங்கன்னு வார்டே பேசுது. உனக்குத் தெரியாம இருக்காது. என் லாகினை மூடச் சொன்னாங்களா?"

மேனேஜர் இன்னும் பக்கத்திலேயே நின்றார். சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. எச்.ஆர். அறையில் போட்டோ எடுத்துப் புது அட்டை கொடுப்பது நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுடி. போறதுக்கு முன்னாடி முகத்தைக் கழுவி, தலையை நல்லா சீவிக்கோ."

"தலைய சீவிக்கணுமா? போட்டோவுக்கா அக்கா?" என்றாள் தங்கை. சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். மேனேஜர் எதுவும் காதில் விழாதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அழுதா கண்ணு வீங்கிடும்," என்றாள் பூட்டக்கா. "போ."